பாசிக்குடாவில் மூன்று இரவுகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகள், பாசிக்குடாவுக்குப் போவோம் என்றபோது நான் முதலில் மறுத்தேன். உல்லாச விடுதியில் தங்குவது என் போன்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்குக் கட்டுப்படியாகிற காரியமல்ல. “செலவு என்னுடையது” என்று அவள் சொன்னதும் மனைவியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். பெரும்பான்மைக்குத் தலைவணங்கினேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பாசிக்குடா. பிறை வடிவான குடா. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. நீந்தத் தெரியாத எனக்கும் துணிவு தந்த கடல் அது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், சித்திரை முதல் புரட்டாதி வரை, அங்கு செல்ல உகந்த காலம். நாங்கள் ஆவணியில் சென்றோம்.

அறையில் குறைசொல்ல ஏதுமில்லை. கட்டிலில் இருந்தபடியே கடலைக் காணலாம். குறை சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. பாண் வகைகள், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி என்று இருபது முப்பது தட்டுகள். தயிர் கேட்டேன். தொழிற்சாலையில் செய்து மூடியிட்ட யோகட் கோப்பை ஒன்று வந்தது. மட்டக்களப்பில் தயிர் கேட்டு யோகட் பெறுவது, யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி கேட்டுச் சீனி பெறுவதற்கு ஒப்பானது.

பரிமாறிய இளைஞன் வாழைச்சேனையைச் சேர்ந்தவன். முதல்நாள் முழுவதும் நாங்கள் இருவரும் ஆங்கிலத்திலேயே பேசியிருந்தோம்! ஊரைக் கேட்டபிறகுதான் தமிழ் வந்தது.

“எங்கட மாமா எருமை வளர்க்கிறார் ஐயா. நல்ல தயிர். ஆனா இங்க எடுக்கமாட்டாங்க. ஒவ்வொரு நாளும் ஒரே அளவு வேணும், பில்லும் வேணுமாம்” என்றான். விடுதியின் நியாயம் விளங்கியது. மாமாவின் நட்டமும் விளங்கியது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. அடுத்த வாரம் இளம் நிருபராகக் கல்குடாவுக்கு வந்தேன். தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கூரையிழந்த வீடொன்றில் ஒரு மீனவக் குடும்பம் என்னை இருத்தி, நிவாரண மாவில் சுட்ட ரொட்டியும் சம்பலும் தந்தது. வீழ்ந்த தென்னைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிய நான், அவர்களிடம் எத்தனை ரொட்டிகள் இருந்தன என்று எண்ணவில்லை. கட்டுரை வெளிவந்தபோது இடமின்மையால் அவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. நான் ஆட்சேபிக்கவில்லை. குறிப்பேடும் பின்னர் தொலைந்துபோயிற்று.

மறுநாட் காலை கல்குடாவில் அந்த வீட்டைத் தேடினேன். இடையில் போர் வந்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. பெயர் தெரியாதவர்களை என்ன சொல்லி விசாரிப்பது? “ரொட்டி தந்தவர்கள்” என்றா?

நண்பகலில் வீதியோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் அமர்ந்தோம். சோறு, மீன்குழம்பு, கணவாய்க்கறி, முருங்கையிலைச் சுண்டல். இளைஞனின் மாமாவிடம் வாங்கிவந்த சட்டித் தயிரையும் திறந்தோம். விடுதியில் ஒருவர் இரவுணவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கு மூவரும் வயிறார உண்டோம், மீதியும் இருந்தது.

கடை நடத்திய அம்மாவிடம் பெயரைக் கேட்டேன். பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் சிரித்தார். “பேர் எழுத வேணாம் ஐயா. திரும்பி வந்து சாப்பிட்டாப் போதும்.” 1978இல் உண்ட வீட்டுக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.

பாசிக்குடா செல்லும் அன்பர்கள் விடுதியில் தாராளமாகத் தங்குங்கள். ஆனால் அறையைக் காலை உணவோடு மட்டும் பதிவுசெய்யுங்கள். மற்ற வேளைகளில் வாழைச்சேனைப் பக்கம் போய் உண்ணுங்கள். தயிர்ச் சட்டி ஒன்றும் வாங்குங்கள். அந்தப் பணம் அன்று மாலையே அவ்வூர் வீடொன்றின் அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

மூன்றாம் நாளும் நாங்கள் அந்தக் கடைக்கே போனோம்.