காவலர் உறங்கினரா?

எமது பெரியம்மாவுக்கு மார்பிற் புற்றுநோய் எனத் தெரியவந்த அன்று மாலை, வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்தமர்ந்த பெரியம்மாவே பேச்சைத் தொடங்கினார். "உடம்புக்குள்ளை காவற்காரர் இருக்கினம் எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள்தானே? அவை எல்லாரும் நித்திரையே கொண்டவை?" என்று எம்மைக் கேட்டார். அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தோம்.

காவலர் உறங்குவதில்லை. எமது உடம்பிற் கருவுள்ள கலங்களுட் பெரும்பாலானவை, தம்முள் ஆகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. வாயிலில் நின்று அடையாளச் சீட்டைக் காட்டுவது போல. குருதியிலும் இழையங்களிலும் உலாவும் 'ரி' கலங்கள் அச்சீட்டுக்களைத் தொட்டுப் பார்க்கின்றன. புற்றாக மாறிய கலம் பிறழ்ந்த துண்டைக் காட்டுமாயின், அதற்குப் பொருந்தியதும் முன்னரே தூண்டப்பெற்றதுமான 'ரி' கலம் அதனைப் பற்றிக்கொள்கிறது. பேர்போரின் என்னும் புரதத்தால் அதன் மென்சவ்விலே துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியத்தை உட்செலுத்துகிறது. அக்கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது.

சீட்டையே மறைத்துவிடும் கள்ளக் கலங்களும் உள. சீட்டில்லாமையையே குற்றமாகக் கண்டு அவற்றைக் கொல்லும் வேறொரு காவலரும் உண்டு. 1975ஆம் ஆண்டளவில் அறியப்பட்ட இயற்கைக் கொல்லிக் கலங்களே அவை.

அவ்வாறாயின் நோய் எவ்வாறு வென்றது? காவலர் வெறிகொண்டு வீட்டையே அழித்துவிடாதிருக்க, 'ரி' கலங்களில் இயற்கையாகவே சில தடைகள் உண்டு. சில புற்றுக்கலங்கள் அத்தடைகளைப் பயன்படுத்திக் காவலரை அடக்கிவிடுகின்றன. அத்தடைகளை விலக்கும் வழியைக் காட்டிய அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் யப்பானியரான தசுக்கு ஹொன்ஜோவும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் வந்த மருந்துகள் பலரைக் காத்தன, எல்லாரையும் அல்ல. தடை நீங்கிய காவலர் நல்ல கலங்களையும் தாக்குவதுண்டு.

இவற்றை ஒரு பிற்பகலிற் பெரியம்மாவுக்குச் சொன்னோம். "அப்ப அவை நித்திரை கொள்ளேல்லை, கையைக் கட்டிப்போட்டாங்கள்," என்றார். முன்வினை என்றும் உண்ட உணவென்றும் தம்மையே நொந்துகொண்டிருந்தவர், அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து வேறொன்றைச் சொன்னார். கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பின்னரும், வெட்கத்தால் எட்டு மாதம் எவரிடமும் சொல்லாதிருந்தாராம்.

"அதை மட்டும் எங்கடை பெட்டையளுக்குச் சொல்லிப்போடுங்கோ."

பெரியம்மா இன்று இல்லை. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டோம்.