வண்டிக்கேற்ற கூடு
கனடாவிலே பிக்கப் வண்டி வைத்திருப்போர் சிலர், அதன் பின்பெட்டிமீது கண்ணாடியிழைக் கூடொன்றை ஏற்றி, கோடையில் ஏரிக்கரைகளிலே இராத்தங்குவர். அங்கு வாழும் நாமும் பழைய கூடொன்றை மலிவாக வாங்கினோம். எமது வண்டியின் பெட்டி ஆறரை அடி நீளம், கூடும் அவ்வளவே. அகலமோ 2 அங்குலம் மிகுந்திருந்தது. ஆதலின் பெட்டியின் இருபக்கச் சுவர்கள்மீதும் அகன்ற மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் இறப்பர்ப் பட்டி ஒட்டி, கூட்டை இறுக்கிகளாற் பிணைத்தோம். துளையிட்ட தகடு எளிதில் துருவேறுமாதலின் வண்டியைத் துளைக்கவில்லை. குழாய்நீரைப் பாய்ச்சிப் பார்த்தோம். ஒரு துளியும் உட்புகவில்லை.

பிள்ளைகளோ, மெத்தையிற் படுத்தபடியே பயணஞ்செய்ய வேண்டுமென அடம்பிடித்தனர். நாம் இணங்கவில்லை. ஓடும் வண்டியின் பின்னே காற்றமுக்கம் குறைவதால், புகைக்குழாயினின்று வெளிவரும் வாயு பின்கதவின் இடுக்குகள் வழியே கூட்டினுள் இழுக்கப்படலாம். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் விழியாமலே இறத்தல் கூடும். வண்டி மோதுண்டாலோ, அங்கே அவர்களைப் பிணித்துக் காக்க இருக்கைப்பட்டியுமில்லை.

பிள்ளைகள் எம்மருகே முகங்கோணி அமர்ந்து வந்தனர். அல்கொன்குயின் வனப்பூங்காவை அடைந்து, இயந்திரத்தை நிறுத்திய பின்னரே கூட்டின் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டோம். அன்றிரவு பெருமழை பெய்தது. பிள்ளைகள் நனையாது உறங்கினர்.