அடுத்த தவணை ஆரம்பம்

"மாமா, மிச்சப் பேப்பரு எப்பன்னு ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

2025 நவம்பர் கடைசியில் அக்கா மகள் தொலைபேசியில் கேட்டாள். டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட வாரம் அது. நுவரெலியா, பதுளை, கண்டி என்று பார்த்த பக்கமெல்லாம் மண் சரிந்து, ரயில் பாதை அறுந்து கிடந்தது. உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றுவிட்டது. கொழும்பில் இருக்கிற மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் நம்பிக்கை. "திகதி அறிவிப்பாங்கம்மா, நீ படி" என்றேன். அவள் பேசப் பேசப் பின்னால் லயத்துத் தகரத்தில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு நனைந்த கம்பளி வாசம் அடித்தது.

இப்போது மலையில் யாரும் கம்பளி போடுவதில்லை, பொலித்தீன்தான். எங்கள் அம்மாமார் காலத்தில் கம்பளி. தோட்டத்தில் கொடுப்பார்கள், காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதை மடித்துத் தலையில் கொங்காணி போட்டு, மேலே கூடைக் கயிற்றை மாட்டினால் எந்த மழைக்கும் அசையாமல் நிற்கலாம். சாயந்தரம் அடுப்புக்கு மேல் கயிற்றில் காயப்போடுவார்கள். காய்ந்தால் புகை வாசம், நனைந்தால் ஆட்டு வாசம். இரவில் அதையே எங்களுக்குப் போர்த்தியும் விடுவார்கள்.

அந்தக் கம்பளி ஒரு தடவை மேடையும் ஏறியது.

1993 டிசம்பர். நாங்கள் ஆண்டு 10. எங்கள் பாடசாலையில் வேதக்காரப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஒளிவிழா இல்லாமல் வருஷம் முடியாது. மரியாளுக்கு யாரோ ஒரு டீச்சரின் தீபாவளிச் சேலை. நட்சத்திரத்துக்கு, ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற ஈயத்தாள். யோசேப்பு, மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். இடையர்களுக்கு என்ன உடுப்பு என்று சார் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்து வாங்கில் இருந்தவன் எழுந்து, "எங்கம்மா கம்பளி இருக்கு சார்" என்றான்.

அவன் மேல்பிரிவுக்காரன். கணக்கில் புலி. எனக்குக் கணக்கு என்றால் காய்ச்சல். அவன் கொப்பியைப் பார்த்து எழுதியே நான் மூன்று தவணை தாண்டியிருந்தேன்.

நாடகத்தில் அவனுக்கு ஒரே ஒரு வசனம். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, "அதோ, தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு மேடையில் கையை வைத்தான், வாயைத் திறந்தான், அப்படியே நின்றுவிட்டான். நானும் திரும்பிப் பார்த்தேன். மண்டப வாசலில் அவன் அம்மா. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கம்பளி மேடையில் இருந்ததால் தலையில் உரச்சாக்கு. சொட்டச் சொட்ட நின்றார். சார் உள்ளே கூப்பிட்டும், கூட்டி வைத்த தரை ஈரமாகிவிடும் என்று படியிலேயே நின்றுகொண்டார். மேடையில் இவன், வசனத்தை விட்டுவிட்டு, "அம்மா நனையுது சார்" என்றான்.

மண்டபமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

வருஷக் கடைசி என்றால் புத்தகம் ஒப்படைக்கிற நாளும் உண்டு. 1980 இலிருந்து அரசாங்கம் பாடநூலை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் நாங்கள் படித்து முடித்ததைப் பின்னால் வருபவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். முன் அட்டையின் உட்பக்கம் சார் கட்டம் கீறி வைத்திருப்பார்: வருஷம், பெயர், வகுப்பு. ஒரு புத்தகம் நாலு பேர் கையைத் தாண்டியிருக்கும். நாங்கள் பாடத்தைப் படிப்பதற்கு முன்பு அந்தப் பெயர்களைப் படிப்போம். இந்த அண்ணன் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறார், இந்த அக்கா மலைக்குப் போகிறார், இவர் கொழும்பில் கடையில் நிற்கிறார் என்று அந்தக் கட்டத்தை வைத்தே தோட்டத்துக் கதை சொல்லிவிடலாம்.

எங்கள் பெற்றோருக்கு அந்தக் கட்டமும் இல்லை. அம்மா படித்தது ஒரே அறை, ஒரே வாத்தியார் இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில். ஐந்தாம் வகுப்போடு சரி. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கே வந்தது என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்தோம். அது எங்கள் மேட்டில் ஏறி வரச் சுணங்கிவிட்டது. 1970 களில் இருந்துதான் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்றது. அதனால் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை போகிறது என்றால், அன்றைக்கு அது அந்த லயம் முழுக்கவும் எழுதுகிற பரீட்சை.

கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது அவன் சாரிடம் ஏதோ மெல்லக் கேட்டான். சார் தலையாட்டி, புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்தார். என்ன கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. விளையாட்டு அவசரம்.

பிறகு தேர்ச்சி அறிக்கை. நாங்கள் முதலில் பார்ப்பது எத்தனையாம் பிள்ளை என்பதை. அப்பா அம்மா பார்ப்பது சிவப்புக் கோடு எத்தனை என்பதை. கடைசி வரியை ஒருவரும் பார்ப்பதில்லை: "அடுத்த தவணை ஆரம்பம்", அதற்கு நேரே ஜனவரியில் ஒரு திகதி. எல்லாருடைய அறிக்கையிலும் ஒரே திகதிதான் எழுதியிருக்கும்.

டிசம்பர் லீவு எங்களுக்குக் கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிற மாதம் அது. ரொட்டிக்குச் சம்பல் மட்டும் என்கிற மாதம். பெரிய பிள்ளைகள் அம்மாவோடு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார்கள். வருஷம் பிறந்து, அறிக்கையில் எழுதிய திகதியில் மணி அடித்தபோது என் பக்கத்து வாங்கு வெறுமையாக இருந்தது. கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டான் என்றார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் இரண்டு மூன்று வாங்கு அப்படித்தான் காலியாகும். டாப்பில் ஒரு மாதம் வரைக்கும் பெயர் கூப்பிடுவார்கள், பிறகு கோடு.

1994 டிசம்பரில் எனக்கு சாதாரண தரப் பரீட்சை. நிலையம் ஹட்டன் டவுனில். அதே மாதம் போயாவுக்குத்தான் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும், வெசாக் வரை போகும். ரயிலில் வந்து இறங்குகிற கூட்டம் நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வெள்ளை உடுத்த ஆச்சிமார், குல்லா போட்ட குழந்தைகள், மூட்டைகள். நடுவில் அடிமட்டமும் பேனையும் வைத்துக்கொண்டு எங்களைப் போலப் பரீட்சைப் பிள்ளைகள். அன்றைக்கு மூன்று பஸ் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. கணிதப் பரீட்சை எழுதிய வயிற்றுக் கலக்கம் வேறு.

நாலாவது பஸ் படியிலிருந்து ஒரு கை என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கியது. அவன்தான். மீசை அரும்பியிருந்தது. கொழும்புக் கடை சரிவரவில்லையாம். பருவ காலத்துக்கு நல்லதண்ணியில் போட்ட ஒரு கடையில் நிற்கிறானாம், ஹட்டனில் சாமான் ஏற்ற வந்தானாம். "சோதன எழுதுற புள்ள, எடம் விடுங்க" என்று சத்தம் போட்டு என்னைத் தன் மூட்டை மேல் உட்கார வைத்தான்.

"கணக்கு எப்படி?"

"நீ இல்லியே" என்றேன். சிரித்தான். வினாத்தாளை வாங்கி, பஸ்ஸின் மங்கல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துப் பார்த்தான். வாய் முணுமுணுத்தது. பிறகு மடித்துத் தந்துவிட்டு, "எம் பேருக்குக் கீழ தங்கச்சி பேர எழுதிட்டாங்களா?" என்று கேட்டான்.

கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறான் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தத் தங்கச்சி அப்போது ஆண்டு 10. சாரிடம் அன்றைக்கு அவன் மெல்லக் கேட்டது அதைத்தான். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் பரீட்சை வரை கொண்டு போக முடியாது என்பது அந்த வீட்டில் தெரிந்திருக்கிறது. நாடகம் பழகிய நாட்களிலேயே அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"எழுதியாச்சு" என்றேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது மழை விட்டு மூட்டம் விலகியது. சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகள் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரு கோடாகத் தெரிந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். அவன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, நாடகக் குரலில், "அதோ, தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது" என்றான். இந்தத் தடவை ஒரு சொல் தவறவில்லை.

எனக்கு அந்த முறை கணிதம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் திரும்ப எழுதித்தான் தப்பினேன். அவன் தங்கச்சி முதல் தடவையிலேயே சித்தி. பிறகு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து, எங்கள் பக்கத்துப் பாடசாலைக்கே டீச்சராக வந்தார்.

அன்றைக்குத் தோட்டத்து முச்சந்தியில் நான் இறங்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் மூட்டையிலிருந்து ஒரு வெறுஞ்சாக்கை உருவி, மூலையை உள்ளே தள்ளிக் கொங்காணியாக்கி என் தலையில் போட்டான். "ஓடு, அனுமதி அட்ட நனைஞ்சிரும். நாளைக்கும் சோதன இருக்கில்ல?"

மிச்சப் பரீட்சை ஜனவரியில் என்று அறிவிப்பு வந்ததும் அக்கா மகளுக்கு எடுத்துச் சொன்னேன். இந்தக் கதையொன்றும் சொல்லவில்லை. அனுமதி அட்டையை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"பொலித்தீன் பையில சுத்தி, அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன் மாமா" என்றாள்.