குமரகத்தில் ஒன்பது வேளை

"மூணு நாளைக்கு அடுப்பையே பற்ற வைக்க வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்மில் யாருக்குத்தான் மனசு துள்ளாது? எனக்கும் துள்ளியது. ஆனால் அடுப்புக்கு லீவு கொடுத்தாலும் 'அடுத்த வேளைக்கு என்ன?' என்ற கேள்விக்கு லீவு கிடையாது என்பதைக் குமரகம் போய்த்தான் கற்றுக்கொண்டேன். சகோதரிகளுக்கு உபயோகமாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அருள்புரம். திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் ரோட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பனியன் கம்பெனிதான். என் வீட்டுக்காரர் எட்டு மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார். அவசர ஆர்டர் வந்துவிட்டால் ஒன்றரை ஷிப்ட். அவர் வந்து சாப்பிட ராத்திரி பத்தரை ஆகும். அத்தைக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டு ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். மகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருவாள். நாலரை வயது மகனுக்குத் தூக்கக் கலக்கத்திலேயே ஊட்டிவிடுவேன். நானோ எல்லாம் முடிந்த பிறகு அடுப்படியில் தட்டை வைத்துக்கொண்டு... ஐந்து பேர் இருக்கிற வீட்டில் தினமும் ஐந்து பந்தி!

பொங்கலுக்குத் திருப்பூரே காலியாகிவிடும். போன பொங்கல் லீவில் இவரே, "எங்கியாச்சும் தண்ணி இருக்கற ஊருக்குப் போலாமா?" என்று கேட்டார். கேரளத்தில், கோட்டயத்துக்கு சுமார் 15 கி.மீ. மேற்கே வேம்பநாட்டு ஏரிக்கரையில் இருக்கும் குமரகத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஓடு வேய்ந்த மர வீடுகள், தென்னந்தோப்பு, வாய்க்கால், தோணி என்று அமைத்த குடும்ப விடுதிகள் அங்கே நிறைய உண்டு.

ஒஹானா என்றால் குடும்பம்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொன்னேன். "அக்கா, ரூமை விட சாப்பாட்டை முதல்ல பிளான் பண்ணு" என்றாள். அங்கே டிஸ்னி நிறுவனத்தின் 'பாலினேசியன்' விடுதி 1971-ல் திறந்தது. தென்கடல் தீவு போலத் தென்னை, ஓலைக்கூரைத் தோற்றம், எதிரே வெட்டி உண்டாக்கிய ஏரி. அங்குள்ள ஓர் உணவகத்துக்கு 'ஒஹானா' என்று பெயர். ஹவாய் மொழியில் 'குடும்பம்' என்று அர்த்தமாம். பெரிய பாத்திரத்தில் மேஜைக்கே உணவு வரும். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு 60 நாள் முன்பிருந்தே இடம் பிடிக்கிறார்களாம். நம்ம ரயில் டிக்கெட்டுக்கும் இப்போது 60 நாள் கணக்குத்தானே என்று இருவரும் சிரித்தோம்.

நம் குமரகத்தில் அவ்வளவு அடிதடி இல்லை. ஏரியும் வெட்டியதல்ல, இந்தியாவிலேயே நீளமான ஏரி. ஆனால் தங்கை சொன்னது மனதில் நின்றது. பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். நள்ளிரவுக்கு மேல் திருப்பூரில் ரயில் ஏறி, காலையில் கோட்டயத்தில் இறங்கி, இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் மாலை திரும்புவது. மொத்தம் ஒன்பது வேளை.

சி.பி.யா, எம்.ஏ.பி.யா?

ஓட்டலுக்குப் போன் செய்தால், "எந்த பிளான் மேடம்?" என்று கேட்பார்கள். திகைக்க வேண்டாம். விஷயம் இதுதான். இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும். எம்.ஏ.பி. என்றால் சிற்றுண்டியோடு மதியமோ இரவோ ஒரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

மூன்று வேளையும் அங்கேயே என்றால் நிம்மதி போலத் தோன்றும். ஆனால் வெளியே சுற்றப் போனால் மதியச் சாப்பாட்டுக்காக ஓடி வர வேண்டும். வராவிட்டால் பணம் வீண். நாங்கள் எம்.ஏ.பி. எடுத்து, இரவுச் சாப்பாட்டைச் சேர்த்துக்கொண்டோம். ஒன்பதில் நாலு வேளை விடுதியில், ஐந்து வேளை நம் விருப்பம்.

குழந்தைகளுக்கு என்ன கட்டணம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எங்களுக்குச் சின்னவனுக்கு இலவசம், பெரியவளுக்குப் பாதி என்றார்கள். ஓட்டலுக்கு ஓட்டல் வயதுக் கணக்கு மாறும். வரியையும் மறக்கக் கூடாது. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். குழந்தை ஒரு ஐஸ்கிரீம் கேட்டாலும் அந்தக் கணக்கில்தான் பில் வரும்.

ரோஸ் கலர் தண்ணீர்

கோட்டயத்தில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சைவ ஓட்டலில் இட்லி. முதல் வேளை முடிந்தது. விடுதியில் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள் என்பதால் பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டு, 'ஊணு' என்று பலகை மாட்டிய ஒரு சின்னக் கடைக்கு நடந்தோம். நம்ம ஊர் 'மெஸ்' மாதிரி. மட்டை அரிசிச் சோறு பெரிது பெரிதாகச் சிவந்த பருக்கையாக வந்தது. சாம்பார், தோரன், மோர்க்குழம்பு. குச்சிக்கிழங்கை வேகவைத்து மசித்து 'கப்பை' என்று தந்தார்கள். குடம்புளி போட்ட மீன் குழம்பு இவருக்கு.

குடிக்க வெதுவெதுப்பாக ரோஸ் நிறத்தில் தண்ணீர் வைத்தார்கள். சின்னவன் தம்ளரை உற்றுப் பார்த்து, "அம்மா, சாயத் தண்ணியா?" என்று உரக்கக் கேட்டான். அருள்புரத்துப் பிள்ளை, வேறென்ன கேட்பான்! கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே பதிமுகம் கட்டையைக் காட்டினார். அதைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் அது. வேடிக்கை என்னவென்றால், அந்த மரம் அந்தக் காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றவும் பயன்பட்டதுதான். பிள்ளை சொன்னதும் முழுப் பொய்யில்லை! வெளியூரில் குழந்தைகளுக்குக் கொதித்த தண்ணீரைப் போல நல்லது வேறில்லை. கேரளத்தில் கேட்காமலே கொடுக்கிறார்கள்.

அன்று மாலை

இனிச் சொல்லப் போவது என் தவறு. நோட்டில் ஒன்பது வேளைக்கும் இடம் எழுதினேன், மெனு எழுதினேன், செலவு எழுதினேன். மணி எழுதவில்லை!

இரவு பஃபே ஏழரைக்கு ஆரம்பம் என்று அறையிலேயே அட்டை இருந்தது. "சரியா நம்ம நேரந்தான்" என்று அத்தை ஏழு மணிக்கு வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டார். நாங்கள் சூரிய அஸ்தமனம் பார்த்த தோணியிலிருந்து இறங்கவே நேரமாகியிருந்தது. குழந்தைகள் நீச்சல் குளத்தை விட்டு வர மாட்டேன் என்று அடம். துடைத்து, உடை மாற்றி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது எட்டே கால். அங்கே நீள வரிசை.

"அம்மிணி, எனக்குக் கண்ணக் கட்டுது" என்றார் அத்தை. ஏரிக்கரைப் புழுக்கம் என்று நினைத்தேன். இவர்தான் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏ, கை நடுங்குது, சில்லுனு வேர்க்குது" என்று பதறினார். பக்கத்து மேஜையில் காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் மூன்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அந்தக் கால் மணி எனக்கு ஒரு யுகம். அதன் பிறகே சாப்பிட வைத்தோம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் தாழ்வு. வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் இருந்திருந்தால் ஏழே காலுக்கு அத்தை தட்டில் சப்பாத்தி விழுந்திருக்கும். லீவு என்று மனசு லேசானதில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள கணக்கை விட்டுவிட்டேனே!

கேட்டால் கிடைக்கும்

மறுநாள் காலை பறவைகள் சரணாலயம். பேக்கர் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் பழைய தோட்டம் அது. விடிந்ததும் போனால்தான் பறவை பார்க்கலாம். இந்தத் தடவை அத்தையின் பையில் பிஸ்கட்டும் வேர்க்கடலையும் இருந்தன. காலை மாத்திரையை, திரும்பி வந்து தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகே கொடுத்தேன்.

சிற்றுண்டிக்குப் புட்டு-கடலைக்கறி, ஆப்பம்-ஸ்டூ, இடியாப்பம். கடலைக்கறி அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புட்டைக் குறைத்துக் கடலையைக் கூட்டினால் சர்க்கரைக்காரர்களுக்கும் தோது. ஆவியில் வெந்த நேந்திரம்பழமும் இருந்தது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அதை நார் எடுத்து மசித்து ஊட்டலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நல்ல ஆகாரம்.

பிறகு தயங்கித் தயங்கி மேற்பார்வையாளரிடம் போனேன். "ராத்திரி எங்க அத்தைக்கு ஏழே காலுக்கே ரெண்டு சப்பாத்தி கிடைக்குமாங்க?" என்றேன். சமையற்காரரே வெளியே வந்துவிட்டார்! அவர் தாயாருக்கும் சர்க்கரையாம். "ஏழு மணிக்கு வந்து உக்காருங்க அம்மா, சப்பாத்தி, சிறுபயறு, அவியல் சூடா வரும்" என்று தமிழிலேயே சொன்னார். "குழந்தைங்களுக்குக் காரமில்லாம தயிர் சாதம் வேணுமா?" என்று அவராகவே கேட்டார். முதல் நாளே கேட்டிருக்கலாம். 'பணக்கார இடம், நாம் கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சம்தான் என் வாயைக் கட்டியது.

இரண்டாம் நாள் ராத்திரி ஏழு மணிக்கு ஐந்து பேரும் ஏரியைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்தோம். கூட்டம் வரும் முன்பே என்பதால் எல்லாம் ஆவி பறக்க இருந்தது. இவர் தட்டில் கோழியை அடுக்கிக்கொண்டு வந்தார். "பல்லடத்துக் கோழி போதாதுன்னா இத்தனை தூரம் ரயிலேறி வந்தீங்க?" என்று கேட்டேன். மேஜையே சிரித்தது. பிறகு வாழையிலையில் சுற்றிச் சுட்ட கரிமீன் பொள்ளிச்சது ஒன்றை வாங்கி நடுவில் வைத்தோம். கரிமீன் 2010 முதல் கேரளத்தின் மாநில மீன். ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டோம். மகள் தம்பிக்கு முள் எடுத்துக் கொடுத்தாள்.

அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏன் கண்ணு, இப்படி அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து எத்தன நாளாச்சு?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நினைவில் வைக்க

1. வேளைக் கணக்கை எழுதும்போது இடத்துக்கும் மெனுவுக்கும் முன்னால் மணியை எழுதுங்கள். வீட்டில் மூத்தவருக்கும் இளையவருக்கும் எது நேரமோ அதுதான் குடும்பத்துக்கு நேரம்.

2. சர்க்கரைக்காரர் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். வெளியூரில் மாத்திரை நேரத்தை எப்படி வைப்பது என்று புறப்படும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

3. பஃபேக்கு முதல் ஆளாகப் போங்கள். ஆவி வராத அசைவம், நறுக்கி வெகுநேரம் ஆன பழம், ஐஸ் போட்ட ஜூஸ் குழந்தைகளுக்கு வேண்டாம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஆறிக் கிடந்த உணவு யாருக்குமே வேண்டாம்.

4. வயிறு கெட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

5. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மனதாரப் பரிமாறியவருக்கு நாமாகக் கொடுப்பது வேறு.

மூன்றாம் நாள் மாலை, கோட்டயத்தில் கட்டி வாங்கிய தயிர் சாதத்தோடு ரயில் ஏறினோம். ஒன்பதாவது வேளை ரயிலிலேயே முடிந்தது, அதுவும் ஏழே காலுக்கு! நள்ளிரவில் திருப்பூரில் இறங்கி வீடு வந்தோம்.

மறுநாளிலிருந்து அதே மெஷின் சத்தம், அதே ஒன்றரை ஷிப்ட். ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு இவர் வீட்டில் இருப்பார். கூடத்தில் பாயை விரித்து, சட்டியை நடுவில் வைத்து, ஐந்து பேருக்கும் ஒரே பந்தி. பிள்ளைகள் அதற்கு 'குமரகம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அம்மா, இன்னிக்குக் குமரகமா?" என்று சின்னவன் சனிக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுகிறான்.