ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

பிளேனோ, டெக்சஸ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய நாற்பது விநாடி வீடியோவை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். சிதம்பரத்தில் உங்கள் வீட்டுப் பின்கட்டு சிமெண்ட் தரையில் அந்த நைட்ரோ டிரக் புகையைக் கக்கிக்கொண்டு அலறுகிறது. ஆனால் ஓட மாட்டேன் என்கிறது. த்ராட்டிலை விட்டதும் கொஞ்ச தூரம் உருண்டு போக வேண்டிய வண்டி, கயிற்றைப் பிடித்து இழுத்த கன்றுக்குட்டி மாதிரி அந்த இடத்திலேயே நிற்கிறது. "எஞ்சின்ல பவர் போயிடுச்சு மாமா, பிஸ்டனும் ஸ்லீவும் மாத்தணுமாம்" என்று எழுதியிருக்கிறாய். மாற்றாதே. வீடியோ முடிகிற நேரத்தில் வண்டியைப் புரட்டிக் காட்டுகிறாயே, அங்கே நிறுத்திப் பார். பிரேக் டிஸ்கின் ஓரத்தில் நீலம் ஏறியிருக்கிறது. எஃகு 300 டிகிரியை ஒட்டிச் சூடேறினால்தான் அந்த நிறம் வரும். உன் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் இந்த மாத மடலை உனக்கே எழுதுகிறேன். ரிமோட் வண்டியைக் கையால் தொடாத வாசகர்களும் கூட வரலாம். பிரேக் ஒட்டுகிற சைக்கிளை மிதித்தவர்கள் நம் கடலூர் மாவட்டத்தில் ஏராளமாக இருப்பார்கள். நானும் மிதித்திருக்கிறேன். உன் வீடியோவைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சைக்கிள்தான்.

1984 ஆனித் திருமஞ்சனத் தேருக்கு உன் தாத்தாவின் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலூர் திருப்பாப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். எனக்கு 16 வயது. தூரம் 45 கிலோமீட்டர் இருக்கும். இருட்டு பிரியுமுன் புறப்பட்டும் கடலூர் ஓ.டி. தாண்டிக் காரைக்காடு வருவதற்குள் தொடை கனத்துவிட்டது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். ஆனி மாதத்துக் காற்று தெற்கே போகிறவனை லேசில் விடாதே. ஆலப்பாக்கத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். அதைத் தாண்டியதும் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன். அப்போது தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் கேரியரில் ஒரு மூட்டையோடு அலுங்காமல் என்னைத் தாண்டிப் போனார். அவருக்கும் அதே காற்றுதான். என் உடம்பில்தான் வலு இல்லை என்று அந்த நிமிடம் முழுசாக நம்பினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

புதுச்சத்திரத்தில் சாலையோரம் ஒரு சைக்கிள் கடை. காற்று அடித்துக்கொண்டு போகலாம் என்று நிறுத்தினேன். கடைக்காரர் பம்பை எடுக்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். சர்ர்... சர்ர்... இரண்டே சுற்றில் சக்கரம் நின்றுவிட்டது. "கடலூர்லேருந்து பிரேக்கப் புடிச்சிக்கிட்டே வந்திருக்கியே தம்பி" என்றார்.

அந்தக் காலத்து சைக்கிளில் ஒயர் கிடையாது, எல்லாமே கம்பி. கைப்பிடி லிவரில் தொடங்கும் கம்பி, அது திசை திரும்ப ஒரு கோணத் துண்டு, மறுபடியும் கம்பி, கடைசியில் ரிம்மின் உள்பக்கத்தைக் கவ்வுகிற இரண்டு ரப்பர் பிரேக் கட்டைகள். இதில் ஏதோ ஒரு மூட்டில் நட்டை அரை அங்குலம் கூடுதலாக இழுத்து முடுக்கியிருக்கிறார்கள். லிவரைத் தொடாதபோதும் கட்டை ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. அவர் நட்டைத் தளர்த்தி, கம்பியை ஒரு தட்டுத் தட்டி இறக்கி, மறுபடி முடுக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பீடி பற்றவைத்தார். முதல் புகையை அவர் ஊதி முடித்த பிறகும் அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. காசு வாங்கவில்லை.

உன் டிரக்கில் இருப்பதும் அந்தக் கம்பி பிரேக்தான், மாப்பிள்ளை. அளவுதான் சுருங்கியிருக்கிறது. த்ராட்டிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே சர்வோ. அதன் கை ஒரு பக்கம் சாய்ந்தால் கார்புரேட்டர் திறக்கும், மறுபக்கம் சாய்ந்தால் மெல்லிய கம்பி ஒன்று பிரேக் லிவரை இழுக்கும். லிவரின் தண்டு ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அது திரும்பும்போது உருண்டையான பக்கம் வந்து பேடுகளை டிஸ்கின்மேல் நெருக்கும். நடுநிலையில் அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டால் பேடு ஒட்டிக்கொண்டே ஓடும். டிஸ்க் காயும். எஞ்சின் தன் பலத்தையெல்லாம் அதை இழுப்பதிலேயே செலவழிக்கும். 105 முதல் 125 டிகிரிக்குள் ஓட வேண்டிய எஞ்சின் அதைத் தாண்டிக் கொதிக்கும். டேங்க் சீக்கிரம் காலியாகும். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே எஞ்சினின் குறையாகத்தான் தெரியும், எனக்கு அன்று காற்றாகவும் என் காலாகவும் தெரிந்த மாதிரி.

அன்று மீதித் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்றே தெரியவில்லை. பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். நான் போய்ச் சேர்ந்தபோது நடராஜர் தேர் தெற்கு வீதி முனையில் மேல வீதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூலவரே தேரேறி வெளியே வருகிற ஊர் நம் ஊர். பிள்ளையார், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். கூட்டம் சுவாமியைப் பார்த்துக் கைகூப்பியது. எனக்குச் சக்கரத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. காலையில் நடந்த கதை அப்படி.

முட்டுக்கட்டை போடுகிறவர்களை நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் அடுத்த தேருக்குப் பார். வடம் இழுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் முன்னால் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேரின் கால் தெரியாது. சக்கரத்தோடு ஒட்டி நடக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். வேகம் ஏறும்போது ஆப்பு வடிவக் கட்டையைச் சக்கரத்தின் முன்னால் செருகுகிறார்கள். சக்கரம் அதில் ஏறி முனகி நிதானத்துக்கு வருகிறது. திருப்பத்தில் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்து மறுபக்கத்தை ஓடவிடுகிறார்கள். அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முகம் திரும்புகிறது. செருகுவதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, அவர்கள் கட்டையை எடுக்கிற நேரம். ஒரு கணம் தாமதித்தால் வடம் விறைத்து இழுக்கிற கைகள் சோர்ந்துபோகும். ஒரு கணம் முந்தினால் தேர் கூட்டத்தை நோக்கிப் போகும். கட்டையை உருவிய கை மறுநொடியே அடுத்த கட்டைக்குத் தயாராகிறது. பலமும் பயமும் அவ்வளவு கிட்டத்தில் சேர்ந்து நிற்கும் வேலையை அதற்குப் பிறகும் நான் அதிகம் பார்த்ததில்லை.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம் நிற்கும் தேர், 300 டன் எடை என்பார்கள். எண்ணெய் அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும் பிரேக் இருந்தும், அங்கேயும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை குறையவில்லை. திருப்பத்தில் தேரை வழிக்குக் கொண்டுவருவது அவர்கள் கைதான். நல்ல காரியத்தைத் தடுக்கிறவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்று நாம் ஏசுகிறோம். தேர் திரும்புவதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்த பிறகு அந்தச் சொல்லை வசையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். போன மாதம் நீ எழுதியதைத் தேடி எடுத்துப் படித்தேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி தானாக ஊர்ந்து போகிறது, அதனால் ரிமோட்டில் த்ராட்டில் ட்ரிம்மைப் பிரேக் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கோளாறு பிறந்தது அங்கேதான். ஊர்கிற வண்டியைப் பிரேக்கால் கட்டிப் போட்டிருக்கிறாய். ஊர்வதற்குக் காரணம் ஐட்லிங் அதிகமாக இருப்பது, அல்லது கிளட்ச் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ போயிருப்பது. அதைச் சரி செய்யாமல் பிரேக்கை எவ்வளவு அழகாகத் தளர்த்தினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ட்ரிம்மை மறுபடி தள்ளத்தான் போகிறாய்.

எஞ்சின் ஆறிய பிறகு உட்கார். முதலில் ரிமோட்டை ஆன் செய், பிறகு வண்டியில் இருக்கும் ரிசீவரை. இந்த வரிசையை என்றைக்கும் மாற்றாதே. ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டு வா. சர்வோவின் கை கம்பிக்குச் செங்குத்தாக நிற்கிறதா பார். கோணலாக நின்றால் திருகைக் கழற்றிப் பல் மாற்றிப் போடு. இப்போது பிரேக் கம்பியை அந்தக் கையிலிருந்து கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்று. இந்தச் சோதனையை மட்டும் அவசரப்படாமல் செய், வேலையில் பாதி இதுதான். கம்பி கழன்ற பிறகும் உரசினால் கோளாறு லிவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பேடு எண்ணெய் குடித்து ஊறியிருக்கலாம், டிஸ்க் பெண்டு ஆகியிருக்கலாம், லிவரின் தண்டு துருப்பிடித்துத் திரும்பி வராமல் நிற்கலாம். நீலம் ஏறிய டிஸ்க் நெளிந்திருக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார், ஆடினால் மாற்று. தண்டில் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடை. அங்கே எண்ணெய் விடாதே, பேடுக்கு இறங்கிவிடும்.

கம்பி கழன்றதும் சக்கரம் சுலபமாகச் சுற்றினால் கம்பியின் அளவுதான் பிழை. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா பார்த்துவிட்டு மாட்டு. கம்பியில் சின்னத் திருகு வைத்த காலர் ஒன்று இருக்கும். ஆலன் கீயால் தளர்த்தி, நடுநிலையில் காலருக்கும் லிவருக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு முடுக்கு. விரலால் தொட்டால் லிவர் லேசாக ஆட வேண்டும். எஞ்சின் அதிர்வில் காலர் நகராமல் இருக்கத் திருகுக்கு ஒரு சொட்டு திரெட்லாக் போதும்.

பிறகு கார்புரேட்டருக்கு வா. ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார். நடுநிலையில் வாய் சுமார் 1 மில்லிமீட்டர் திறந்திருந்தால் போதும், அதற்கு ஐட்லிங் திருகைச் சரி செய். அப்படியும் ஊர்ந்தால் கிளட்ச் பெல்லைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்க்காமல் வேறு வழியில்லை. பிரேக் எவ்வளவு அழுந்தப் பிடிக்க வேண்டும் என்பதைக் கடைசியாக ரிமோட்டின் எண்ட் பாயிண்ட்டில் வை. முழு பிரேக் கொடுத்துக்கொண்டு சர்வோவுக்குக் காது கொடு. அது முனகினால் தாங்க முடியாத தூரத்துக்குத் தள்ளுகிறாய், குறை. ஃபெயில்சேஃபையும் புதிதாகப் பதிந்துவை. சிக்னல் போனால் வண்டி தானாகப் பிரேக் பிடிக்க வேண்டும். தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எரிபொருளைப் பற்றி உன் அம்மா என்னிடம் தனியாகக் கவலைப்பட்டாள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நைட்ரோ என்று பேர் இருந்தாலும் அந்தக் கேனில் பெரும்பகுதி மெத்தனால். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இதே மெத்தனால்தான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஊற்றுகிற பழக்கம் உனக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடு. கையில் பட்டால் உடனே கழுவு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது, அதனால் டேங்க் நிரப்பும் இடத்தில் சூடான டிஸ்க்கூட இருக்கக் கூடாது. கேனைப் பூட்டி வை, மேலே தமிழில் விஷம் என்று பெரிதாக எழுதி ஒட்டு.

அதில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் மட்டும் எனக்கு வேண்டிய வாசனை. இங்கே என் கராஜில் எஞ்சின் ஓடும்போதெல்லாம், மாட்டு வண்டி அச்சுக்கு வண்டி மை குழைத்த கொட்டாங்கச்சி ஞாபகம் வரும். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் சேர்ந்த மணம் அது.

இன்னொன்று. கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு வண்டியைக் கொண்டு போனால் வந்ததும் துடை. உப்புக் காற்றும் மிச்சமிருக்கும் மெத்தனாலும் சேர்ந்தால் பேரிங்கும் பிரேக் தண்டும் ஒரே வாரத்தில் துருவேறும். டேங்கைக் காலி செய்து, எஞ்சினுக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, நாலு சுற்றுச் சுற்றி வை.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினைத் தொடாமல் ஒன்று செய். வண்டியைக் கூடத்து டைல் தரையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிடு. எத்தனை டைல் ஓடி நின்றது என்று எண்ணி எழுது. ஓடும்போது உரசல் கேட்டதா என்பதையும் எழுது. இந்த ஆனித் தேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். முந்தின நாளே கடலூர் வந்துவிடுவேன், தாத்தாவின் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைக்கும்படி என் அக்காவிடம் சொல்லிவிட்டேன். புதுச்சத்திரத்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவேன்.

அன்புடன்,
மாமா