மறைத்தார் என்ற சொல்

நியூயார்க் நகரக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வையும் ஓட்டத்தையும் கடந்த இளைஞன் ஒருவனுக்கு, 'உளவியல் அடிப்படையில் தகுதியற்றவர்' என்று கடிதம் வந்தது. மார்பளவும் உயரமும் பார்த்து ஆளெடுக்கும் நம் ஊர் வழக்கத்துக்குப் பழகியவர்களுக்கு அவ்வரியின் கனம் எளிதில் விளங்காது. உயரம் போதாது என்றால் மறுபடி அளக்கச் சொல்லலாம். மனம் போதாது என்றால் எதைக் கொண்டு மறுப்பது? கண்பார்வைக் குறையால் தவறிவிட்டது என்று தாயிடம் சொல்லிவைத்தான்.

நகரக் குடிமைப் பணி ஆணையத்திடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அதில் 9 நாள் வெட்கத்திலேயே கழிந்தது. பத்தாம் நாள், தானே எழுதிய நான்கு பக்க விண்ணப்பத்துடன் ஒரு வழக்கறிஞரைக் கண்டான். தான் ஒருபோதும் சினந்ததில்லை, பொய்யே சொன்னதில்லை என்று அதில் எழுதியிருந்தான். அவர் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். இத்தகைய தேர்வுகளில் பரவலாகக் கையாளப்படும் மின்னசோட்டா ஆளுமை வினாத்தொகுதியின் இரண்டாம் பதிப்பில், சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டிய 567 கூற்றுகள் உண்டு. மாசற்றவனாகத் தன்னைக் காட்டிக்கொள்பவனை இனங்காணவென்றே அவற்றுள் சில வைக்கப்பட்டுள்ளன. எல்லோரும் செய்யும் சிறு பிழைகளைத் தான் செய்ததேயில்லை என்பவன் அங்கே சிக்கிக்கொள்வான். நேர்காணலுக்குச் சட்டையோடு குணத்தையும் சலவை செய்து அணிந்து போயிருந்தான் அவன். விண்ணப்பத்திலும் அதே சலவை.

வழக்கறிஞர் முதலில் கேட்டது உளவியலாளரின் அறிக்கையை. தந்தை இறந்த ஆண்டில் மனநல ஆலோசகரிடம் சென்றதை அவன் 'மறைத்தார்', எனவே அழுத்தத்தைத் தாங்கும் திறன் ஐயத்துக்குரியது என்றது அறிக்கை. கேட்கப்படவில்லை, சொல்லவில்லை, மறைத்தார்: இம்மூன்று வினைகளுக்கும் இடையிலேதான் வழக்கு முழுவதும் இருந்தது.

தனியான உளவியலாளர் ஒருவரின் மறுமதிப்பீடும், ஆம்புலன்ஸில் மூன்றாண்டுகள் இரவுப் பணி பார்த்ததற்கான பதிவுகளும் தேவைப்பட்டன. இரண்டுக்கும் பணம் வேண்டும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. ஆணையம் கைவிட்டால் நான்கு மாதத்துக்குள் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் அவன் தகுதியுள்ளவனா என்று நீதிமன்றம் புதிதாக ஆராயாது. முடிவு தான்தோன்றித்தனமானதா என்பதை மட்டும், ஏற்கெனவே கோப்பிலுள்ள ஆவணங்களைக் கொண்டு பார்க்கும். இப்போது கோப்பில் ஏறாதது எப்போதும் ஏறாது.

பட்டியலில் கடைசியாக ஒன்று எஞ்சியது: அந்த ஆண்டைப் பற்றித் தாயின் எழுத்துமூல வாக்குமூலம். அன்றிரவு அவள் பணி முடிந்து வரும்வரை சமையலறையில் காத்திருந்தான். கண்பார்வைக்கு ஒன்றுமில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.