பித்தளை டவரா

எங்கள் ஊரில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். நானோ இனிமேலும் அங்கே காப்பி சாப்பிட வேண்டியவன். காவிரிக் கரையில் இருக்கும் நடுத்தரமான ஓர் ஊர், கடைத்தெருவில் ஓடு வேய்ந்த பழைய கட்டடம், வாசலில் வாழைத்தார் தொங்கும் பெட்டிக்கடை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இதே அடையாளங்களோடு உங்கள் ஊரிலும் ஒரு ஹோட்டல் இருந்தால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

பதினைந்து வருஷ காலமாக அந்த ஹோட்டலில் நான் வாடிக்கைக்காரன். காலை ஆறரை மணிக்கு, பள்ளிக்கூடக் கவலைகள் தலைக்கு ஏறுவதற்கு முன்னால், ஜன்னல் ஓரத்து மேஜையில் போய் உட்காருவேன். ஸர்வர் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. இரண்டு இட்டிலி வரும், சட்டினி வரும், சாம்பார் வாளி மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாவகாசமாக வரும். ஞாயிற்றுக்கிழமையானால் ரவா தோசை. ரவா தோசைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது ஒருவகைத் தபசு. "இதோ ஆச்சு ஸார்!" என்ற அசரீரி மூன்று முறை கேட்ட பிற்பாடுதான் பிரசாதம் கிடைக்கும்.

ஆனால் அந்த ஹோட்டலுக்குக் கீர்த்தி இட்டிலியால் அல்ல, காப்பியால்தான். காப்பி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்தப் பித்தளை டவராவையும் டம்ளரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவற்றின் விளிம்பு மெலிந்து, பொன்னா பித்தளையா என்று சந்தேகப்படும்படி மின்னும். முதல் டிகாக்ஷனில் கொதிக்கும் பாலை விட்டு, ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றி, நுரை ததும்ப மேஜைமேல் வைத்ததும் வருகிறதே ஒரு வாசனை! அதை வர்ணிக்கப் புகுந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

நான் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறவன். சென்ற வருஷம் ஒரு நாள் அடிப்படை உரிமைகளைப் பற்றிய பாடம். 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 15-ஆவது ஷரத்து, ஜாதி முதலியவற்றைக் காரணம் காட்டி ஒருவரைக் கடைகளிலும், பொது உணவு விடுதிகளிலும், ஹோட்டல்களிலும் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது ஷரத்து தீண்டாமையை அடியோடு ஒழிக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ருசிக்கட்டுமே என்று பழைய கதைகளையும் சொன்னேன்.

வ. வே. சு. ஐயரின் தேசபக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது. அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலேயே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. 1924, 1925-ஆம் வருஷங்களில் அது பெரிய விவகாரமாயிற்று. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். மத்தியஸ்தம் காந்திஜி வரைக்கும் போயிற்று. நாடு விடுதலை பெற வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்கள், எந்த இலை எங்கே விழ வேண்டும் என்பதில் பிரிந்துபோனார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் அன்று விழுந்த விரிசல் பிறகு கூடவே இல்லை. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்கும் பின்னால், 1957-இல், திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்குவதற்காகத் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்து, "இப்போது நம் ஊர் ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். யார் பக்கத்திலும் உட்காரலாம். யார் நீ என்று கேட்பாரில்லை. காசு கொடுத்தால் காப்பி!" என்று கம்பீரமாக முடித்தேன்.

மூன்றாவது பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்றான். அதிகம் பேசாதவன்.

"ஸார், எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் ஸார் பேப்பர் கப்புல தராங்க?"

அவன் தகப்பனார் நகராட்சியில் தூய்மைப் பணியாளர் என்பது எனக்குத் தெரியும். "வாங்கிக்கொண்டு போவதற்காகக் கேட்டிருப்பார்" என்றேன்.

"இல்லை ஸார். அங்கேயே நின்னுதான் குடிப்பார்."

"உட்கார், பார்க்கலாம்" என்றேன். உபாத்தியாயர்கள் பதில் தெரியாதபோது சொல்லும் வார்த்தை அது. பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

மறு நாள் காலையில் பார்த்தேன். ஹோட்டலின் பக்கவாட்டில் ஒரு சந்து. அடுக்களை ஜன்னல் ஒன்று அந்தச் சந்தின் பக்கம் திறக்கிறது. தெருக்கூட்டும் வேலையின் முதல் சுற்று முடிந்து ஆறு பேர் அங்கே நின்றார்கள். ஜன்னல் வழியாகக் காகிதக் குவளைகள் வந்தன. குடித்துவிட்டுக் கசக்கித் தங்கள் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனார்கள். என் ஜன்னல் ஓரத்து மேஜையிலிருந்து கழுத்தைச் சிறிது திருப்பினால் இது அத்தனையும் தெரியும். பதினைந்து வருஷமாக நான் திருப்பவில்லை.

முதலாளி கெட்டவர் அல்ல. என் தாயார் காலமானபோது பத்து நாளைக்கு வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிக் காசு வாங்க மறுத்தவர். கல்லாவுக்குப் போய்க் கேட்டேன்.

"கொரோனா வந்துதே ஸார், 2020-லே, அப்போ ஆரம்பிச்சது. சுகாதாரம்தான். வேறே ஒண்ணுமில்லை" என்றார்.

"அப்படியானால் எனக்கும் காகிதக் குவளையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்."

"உங்களுக்கா! உங்களுக்கு எதுக்கு ஸார்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அவங்களும் உள்ளே வரமாட்டாங்க ஸார். நான் என்ன, வராதேன்னா சொல்றேன்?"

உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. ஒரே குவளையில் இரண்டு சட்டங்கள் கசங்கிக் கிடந்தன! ஆனாலும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சட்டம் பேசி வென்றுவிட்டால் அடுத்த நாள் வேறு ஏதாவது பாத்திரம் வரும், அவ்வளவுதான்.

சந்துக்குப் போய்ப் பையனின் தகப்பனாரிடம், "வாங்க, உள்ளே என்னோடு உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றேன். எனக்குள் கொஞ்சம் பெருமை பொங்கியிருந்தது என்பதை மறைப்பானேன்?

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் ஸார். நீங்க கூப்பிட்டீங்கன்னு இன்னிக்கு வந்துடுவேன். நாளைக்கு நீங்க வராட்டி? எனக்குத் தினமும் காப்பி வேணும் ஸார்."

என் பெருமை பாலைப்போல் அடங்கிப் போயிற்று. பதினைந்து வருஷம் காப்பி குடித்த எனக்குப் புலப்படாதது அவருக்கு நன்றாகப் புலப்பட்டிருந்தது. நான் ஒரு நாள் விருந்துக்கு அழைத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது தினசரி வாடிக்கை.

அன்று முதல் நானும் சந்திலேயே நின்று குடிக்கலானேன். இதைத் தியாகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காகிதக் குவளையில் அந்தக் காப்பி காப்பியாகவே இல்லை. விரல் சுடுகிறது, வாசனை செத்துப்போகிறது, கடைசி வாயில் பசை நாற்றம். தினமும் உள்ளே மின்னும் டவராக்களை ஏக்கத்தோடு பார்த்தேன். முதல் இரண்டு நாள் அந்த ஆறு பேரும் என் பக்கத்தில் பேசாமல் நின்றார்கள். நான் இருப்பது அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் காவிரியில் தண்ணீர் திறப்பதைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தார். பிறகு பேச்சு நிற்கவில்லை.

நான்காம் நாள் ஸர்வர் சந்துக்கே ஒரு பித்தளை டவராவை எடுத்துக்கொண்டு வந்தான். "முதலாளி கொடுக்கச் சொன்னார் ஸார், உங்களுக்கு."

"ஏழு கொண்டுவா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். திரும்பிக் கல்லாவைப் பார்த்தான். கல்லாவில் முதலாளி சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கவே இல்லை. டவரா திரும்பிப் போயிற்று.

எட்டாம் நாள் ஜன்னல் வழியாக ஏழு டம்ளர்கள் வந்தன. பித்தளை அல்ல, எவர்சில்வர். "பித்தளை எண்ணிக்கை போதாது ஸார்" என்று முதலாளி ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் அவரை நெருக்க எனக்கும் மனம் வரவில்லை. அது தாட்சிண்யமா, கோழைத்தனமா என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை.

பையனின் தகப்பனார் குடித்து முடித்தார். பிறகு சந்துக் குழாயடியில் குனிந்து டம்ளரைக் கழுவி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தார். யாரும் அவரைக் கழுவச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து க்ளீனர் பையன் எட்டிப் பார்த்து, "ஏன்ணே கழுவுறீங்க? அப்படியே வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். தமிழ் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தகப்பனார் கையில் ஈரத்தோடு சற்று நேரம் அப்படியே நின்றார்.

அன்று வகுப்பில், முன்பு நான் சொன்ன பதில் தவறு என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். டம்ளர் வந்த கதையையும் சொன்னேன். மூன்றாவது பெஞ்சிப் பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து நின்றான்.

"உள்ளே உட்கார்ந்தாரா ஸார்?"

"இன்னும் இல்லை" என்றேன்.